பாலமும் சாரமும்

மனிதர்களுக்குள் எத்தனையோ ஜாதிகளும் பேதங்களும் இருப்பதாகச் சொல்கிறார்கள். ராத்திரி பத்து மணிக்கு ஆற்காடு சாலையில் வழி மறிக்கப்பட்டு நிற்கும்போது அந்தப் பேதங்கள் யாவும் ஒரு கணத்தில் நீங்கிவிடுகின்றன. அங்கே ஒரே ஜாதிதான் உண்டு. அது ஹாரன் அடிக்கும் ஜாதி.

2024ஆம் வருஷத்தில் ஒரு முகூர்த்த நாள் இரவு. வளசரவாக்கத்தில் ஒரு கல்யாண வரவேற்பில் சாப்பிட்டுவிட்டுத் தியாகராய நகருக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். வண்டியில் என் மனைவி, ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் பெண், எங்கள் எதிர் வீட்டுப் பெரியவர் ஆகிய மூவரும் இருந்தார்கள். பெரியவர் கணக்கு இலாகாவில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். உத்தியோகத்திலிருந்துதான் ஓய்வு பெற்றாரே தவிர, பிறர் வேலையில் பிழை கண்டுபிடிப்பதிலிருந்து அவர் இன்னும் ஓய்வு பெறவில்லை.

மெட்ரோ ரெயிலின் மேல் பாதைக்கு ஓர் உத்தரத்தைத் தூக்கி வைக்கிறார்களென்று சாலையை அடைத்திருந்தார்கள். தகரத் தட்டிக்கு முன்னால், தலையில் மஞ்சள் தொப்பியும் கையில் சிவப்புக் கொடியுமாக ஒரு பையன் நின்றான். வடக்கேயிருந்து பிழைக்க வந்தவன். இருபது வயதுக்கு மேல் இராது.

"இதையெல்லாம் பகலில் செய்யக் கூடாதோ, ஸார்?" என்றார் பெரியவர். பகலில் செய்திருந்தால், "ராத்திரியில் செய்யக் கூடாதோ?" என்று கேட்டிருப்பவரும் அவரேதான். ஆனாலும் அவருடைய தர்மாவேசம் என்னையும் தொற்றிக்கொண்டது. நான் ஐந்து முறை ஹாரன் அடித்தேன். பையன் கொடியை இன்னும் சற்று உயரத் தூக்கினான். அவ்வளவுதான்.

அப்போதுதான் என் பெண் அந்தக் கேள்வியைக் கேட்டாள்:

"அப்பா! அங்கே முடிந்துபோன பாலத்தைப் பாருங்கள். இரண்டு தூணுக்கும் நடுவே கீழே ஒன்றுமே இல்லையே! காங்கிரீட் ஈரமாக இருந்தபோது அதை யார் பிடித்துக்கொண்டிருந்தார்கள்?"

நான் இருபது வருஷமாகப் பௌதிகம் கற்றுக்கொடுப்பவன். நெம்புகோலையும் புவியீர்ப்பையும் பற்றி நான் கரும்பலகையில் எழுதித் தேய்ந்துபோன சாக்கட்டிகளை அடுக்கினால், அதுவே ஒரு பாலத்துக்குப் போதும். இருந்தும் எனக்குப் பதில் தெரியவில்லை. "வீட்டுக்குப் போய்ச் சொல்கிறேன், அம்மா" என்றேன். உபாத்தியாயர்கள் இப்படிச் சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்பதை நேயர்கள் அறிவார்கள்.

அதன் பிறகு சில புத்தகங்களைப் புரட்டியும், என்னிடம் படித்து இப்போது பாலம் கட்டும் இஞ்சினீயராயிருக்கும் ஒருவரை ஞாயிற்றுக்கிழமைகளில் தொந்தரவு செய்தும் நான் தெரிந்துகொண்டதை இந்த வாரம் எழுதுகிறேன்.

நம்மில் வீடு கட்டியவர்களுக்கு விஷயத்தில் பாதி தெரியும். மேல் தளம் போடுவதற்கு முன் கொத்தனார் என்ன செய்கிறார்? சவுக்குக் கழிகளை முட்டுக் கொடுத்து, மேலே பலகை அடைத்து, கம்பி கட்டி, அதன் பிறகே காங்கிரீட் கொட்டுகிறார். இதைத்தான் 'சென்ட்ரிங்' என்கிறோம். காங்கிரீட் பிறக்கும்போது கூழ். அதற்குத் தன் காலில் நிற்கும் சக்தி கிடையாது. ஆனால் கனம் மட்டும் பிறந்த கணத்திலேயே முழுமையாக வந்துவிடுகிறது. ஏழு நாளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பலம் வரும். இஞ்சினீயர்கள் கணக்குக்கு எடுத்துக்கொள்ளும் பலம் வருவதற்கு 28 நாள் ஆகும். குழந்தைக்கு நடை வரும்வரையில் இடுப்பில் எடுத்துத்தானே ஆகவேண்டும்?

இப்போது வீட்டுத் தளத்தை விட்டுப் பாலத்துக்கு வருவோம். இரண்டு தூண்களுக்கு இடைப்பட்ட பகுதியைப் பாலத்தின் 'கண்' என்கிறோம். 30 மீட்டர் நீளமும் 8 மீட்டர் அகலமும் உள்ள ஒரு கண். சராசரிக் கனம் அரை மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 120 கன மீட்டர் காங்கிரீட் வேண்டும். ஒரு கன மீட்டர் சுமார் 2,400 கிலோ. மொத்தம் 288 டன். யானை ஒன்றுக்கு நாலு டன் என்று கணக்கிட்டால் 72 யானைகள்! பலம் வரும்வரையில் இந்த யானைக் கூட்டத்தை அந்தரத்தில் யாராவது தாங்கிக்கொண்டிருக்க வேண்டும். என் பெண்ணின் கேள்வி இப்போது எவ்வளவு பெரிய கேள்வி என்று தெரிகிறதல்லவா?

பாலத்தின் மேலே என்ன வண்டி போகிறது என்பதைப் பொறுத்தே பாலம் கட்டும் முறையும் அமைகிறது என்று நான் நினைத்திருந்தேன். என் மாணவர் சிரித்தார். "இல்லை, ஸார். மேலே போவதைக் கொண்டு பாலத்தின் பலத்தைத் தீர்மானிப்போம். எப்படிக் கட்டுவது என்பதைக் கீழே இருப்பதுதான் தீர்மானிக்கும்" என்றார். இந்த ஒரு வாக்கியம் கையில் இருந்தால் பாலக் கலை முழுவதையும் ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிடலாம்.

கீழே வறண்ட மணல் இருந்தால் விசேஷ வித்தை ஒன்றும் வேண்டாம். நம்முடைய பாலாறு போன்ற நதி, வருஷத்தில் பெரும் பகுதி தண்ணீரையே காட்டாமல் இஞ்சினீயர்களுக்கு உபகாரம் செய்கிறது. மணலைக் கெட்டித்து, இரும்புக் குழாய்களால் சாரம் கட்டி, அதன்மேல் அச்சுப் பலகை பரப்பிக் காங்கிரீட் கொட்டலாம். கொத்தனார் வீட்டுத் தளத்துக்குச் செய்வதையே பெரிய அளவில் செய்கிறார்கள்.

பாலாற்றைச் சொல்லும்போது மற்றொன்றையும் சொல்லவேண்டும். செங்கற்பட்டுக்கு அருகே அந்த நதியின் குறுக்கே 1954இல் முடிந்த பாலம், முன்னழுத்தக் காங்கிரீட் என்னும் முறையில் நம் நாட்டில் அமைந்த முதல் சாலைப் பாலங்களில் ஒன்று. முன்னழுத்தம் என்றால் என்ன? காங்கிரீட்டை எவ்வளவு அழுத்தினாலும் தாங்கும். இழுத்தால் மட்டும் எளிதில் விண்டுபோகும். உத்தரத்தின்மேல் பாரம் ஏறும்போது அதன் அடிப்பக்கம் இழுபடுகிறது. ஆகவே, எஃகு வடங்களை உள்ளே செலுத்தி, ஜாக்கிகளால் முறுக்கேற இழுத்து, இரு முனைகளிலும் பூட்டிவிடுகிறார்கள். வடம் சுருங்கப் பார்க்கிறது, காங்கிரீட் நெருக்கப்படுகிறது. பின்னால் வரப்போகும் இழுப்பு, முன்பே இருக்கும் இந்த நெருக்கத்தை முதலில் தீர்த்தாக வேண்டும்.

பிரான்ஸ் தேசத்து பிரேஸினே என்பவர் 1928இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். ஆனால் இதன் தத்துவம் நம் கிராமத்துக் கொல்லனுக்கு வெகு காலமாகத் தெரியும். கட்டை வண்டிச் சக்கரத்துக்குப் பட்டை போடும்போது இரும்பைப் பழுக்கக் காய்ச்சி மாட்டித் தண்ணீர் ஊற்றுகிறான். பட்டை குளிர்ந்து சுருங்கி, மரத் துண்டுகளையெல்லாம் ஒன்றாக இறுக்கிவிடுகிறது. நம்முடைய கொல்லன் காப்புரிமை கேட்கவில்லை. கூலி மட்டுந்தான் கேட்டான்.

சரி, கீழே வெள்ளம் ஓடினால்? சாரத்தை எங்கே ஊன்றுவது? பிரேஜில் தேசத்தில் ரியோ டோ பெய்ஷி என்று ஓர் ஆறு. திடீர் திடீரென்று வெள்ளம் ஏறும் ஆறு அது. 1930இல் எமிலியோ பௌம்கார்ட் என்ற இஞ்சினீயர் அங்கே 68 மீட்டர் அகலமுள்ள கண்ணை ஆற்றில் சாரமே ஊன்றாமல் கட்டினார். கரையிலிருந்து கொஞ்சம் நீட்டுவது, அது இறுகியதும் அதன் நுனியிலிருந்து மேலும் கொஞ்சம் நீட்டுவது. இப்படியே நீட்டி நடுவில் சேர்த்துவிட்டார். 1950ஐ ஒட்டி ஜெர்மனியில் பின்ஸ்டர்வால்டர் என்பவர் லான் நதியின்மேல் இதே உபாயத்தை முன்னழுத்தத்தோடு சேர்த்துச் செய்தார். நம்மவர்கள் அந்த வித்தையைக் கற்றுக்கொள்ள அதிக காலம் எடுத்துக்கொள்ளவில்லை. 1960களின் தொடக்கத்திலேயே அஸ்ஸாமில் சில்சார் நகரத்தருகே பராக் நதியின்மேல் 120 மீட்டருக்கும் மேற்பட்ட கண்ணை இவ்விதமே கட்டிவிட்டார்கள்.

ஆற்றின் நடுவே ஒரு தூண் நின்றால், அதன் இரு பக்கமும் ஒரே சமயத்தில் நீட்டிக்கொண்டு போவதும் உண்டு. இந்தப் பக்கம் நாலு மீட்டர் என்றால் அந்தப் பக்கமும் நாலு மீட்டர். முடிந்த பகுதியின்மேல் தண்டவாளமிட்டு, அச்சைத் தாங்கும் இரும்பு வண்டியை முன்னே நகர்த்தி, அடுத்த துண்டுக்குக் காங்கிரீட் கொட்டுவார்கள். இதை விளக்க என் பெண்ணிடம் காவடியைத்தான் சொன்னேன். தோளில் காவடி நிற்பது இரு புறமும் பாரம் ஒத்திருப்பதால். ஒரு பக்கத்துக் குடத்தை மட்டும் நிரப்பினால் காவடியும் சாயும், எடுத்தவனும் சாய்வான்.

கீழே கடலே இருந்தால்? தமிழர்கள் யாவரும் அறிந்த பாம்பன் இருக்கிறது. 1914இல் திறந்த பழைய ரெயில் பாலத்தில் கப்பலுக்கு வழி விடத் தூக்கும் இரும்புப் பகுதி சீமையில் செய்யப்பட்டு வந்தது. ராமேசுவரத்துக்குச் சாலை வழியே போவதற்கோ 1988 வரையில் காத்திருக்க நேர்ந்தது. 1974இல் தொடங்கிய வேலை, அந்த வருஷத்துக் காந்தி ஜயந்தியன்று முடிவுற்று, பிரதமர் ராஜீவ் காந்தி சாலைப் பாலத்தைத் திறந்து வைத்தார். இரண்டேகால் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நீளம். காற்றும் உப்பும் இரும்பைத் தின்னும் இடம். கப்பல் செல்லும் நடுவழியில் மட்டும் உயரமும் அகலமுமாக ஒரு பெரிய கண். அதன் அடிப்பாகம் தூணருகே தடித்தும் நடுவே மெலிந்தும் வளைந்திருப்பதை அடுத்த முறை போகும்போது பாருங்கள். கடலில் சாரம் ஊன்றாமல் இரு புறமிருந்தும் நீட்டிச் சேர்த்ததன் அடையாளம் அது. காவடி எடுத்த தோள் பருத்திருக்கிறது, நுனி இளைத்திருக்கிறது.

கீழே பாதாளம் போன்ற பள்ளத்தாக்கு இருந்தால் இன்னொரு வழி. ரத்னகிரிக்கு அருகே கொங்கண் ரெயில் பாதையில் பன்வல் நதிப் பாலம் இருக்கிறது. அதன் உயர்ந்த தூண் 60 மீட்டருக்கு மேல். அத்தனை உயரத்துக்குச் சாரம் கட்டுவது ஆகிற காரியமா? ஆகவே, பாலத்தைக் கரையிலேயே துண்டு துண்டாக வார்த்து, ஒவ்வொரு துண்டு சேர்ந்ததும் முழுவதையும் ஜாக்கிகளால் பள்ளத்துக்கு மேலே தள்ளினார்கள். முன் முனையில் இலேசான இரும்பு மூக்கு ஒன்று; அது அடுத்த தூணை முதலில் தொட்டுவிடும். தூண்களின் தலையில் வழவழப்பான பட்டைகள். நான்கு பேர் சேர்ந்து கனமான பீரோவை வீட்டில் எப்படி நகர்த்துவோமோ அதே யுக்திதான். பீரோவின் நீளம் மட்டும் 400 மீட்டருக்கு மேல்!

கடைசியாக, கீழே நம்மைப் போன்ற ஜனங்கள் இருந்தால்? பிரேஜில் வெள்ளத்தைவிட, பாம்பன் கடலைவிட, இதுவே மிகவும் சங்கடமான நிலைமை. வெள்ளமாவது ஹாரன் அடிக்காது. ஆற்காடு சாலையிலோ அண்ணா சாலையிலோ மாசக்கணக்கில் சாரம் கட்டி வழியை அடைக்க முடியாது. ஆகையால் பாலத்தை ஊருக்கு வெளியே வார்த்து, லாரியில் ஏற்றி, ஜன நடமாட்டம் குறைந்த ராத்திரியில் கொண்டுவருகிறார்கள். முழு நீள உத்தரங்களாக வந்தால் கிரேன்களால் தூக்கி வைப்பார்கள். துண்டுகளாக வந்தால், தூணுக்குத் தூண் நீண்டு கிடக்கும் ஓர் இரும்புச் சட்டத்தில் தொங்கவிட்டு, வரிசை சேர்த்து, உள்ளே வடம் செலுத்தி இறுக்கிவிடுவார்கள். பத்துப் புத்தகங்களை வரிசையாக வைத்து இரு உள்ளங்கைகளாலும் நெருக்கித் தூக்கிப் பாருங்கள். கீழே ஒரு பிடிப்பும் இல்லாமலே நடுப் புத்தகம் நிற்கும். நெருக்கத்தைச் சற்றுத் தளர்த்தினால் கால் விரலுக்கு ஆபத்து.

நம் தியாகராய நகரிலேயே, 2025இல் திறந்த தெற்கு உஸ்மான் சாலை மேம்பாலத்துக்குக் காங்கிரீட் உத்தரங்களுக்குப் பதிலாக எஃகு உத்தரங்களை வைத்தார்கள். கீழே இருப்பது தியாகராய நகரல்லவா? தீபாவளிக்கு முன்பு அங்கே ஒரு கழி ஊன்ற இடம் கிடைக்குமா என்று புடவை வாங்கப் போகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள்!

இவ்வளவையும் கேட்டுக்கொண்ட என் பெண், "அப்படியானால் எல்லா முறையிலும் ஏதோ ஒரு சாரம் இருக்கிறதே, அப்பா!" என்றாள். நான் ஒரு மாசம் படித்துத் தெரிந்துகொண்டதை அவள் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டாள். ஆம், முட்டுக்கழி ஒரு சாரம். நகரும் அச்சு வண்டி ஒரு சாரம். இரும்பு மூக்கும் தொங்கவிடும் சட்டமும் சாரமே. பாலம் முடிந்ததும் இவையெல்லாம் கழற்றப்பட்டுவிடும். திறப்பு விழாவுக்கு வருகிறவர்கள் பாலத்தைப் பார்ப்பார்கள். சாரத்தை யாரும் பார்க்கமாட்டார்கள்.

ஆனால் ஒவ்வொரு பாலமும் இரண்டு முறை நிற்கவேண்டியிருக்கிறது. ஒரு முறை, கட்டி முடிந்த பிறகு நூறு வருஷம். மற்றொரு முறை, கட்டும்போது சில மாசம். கடினமானது இரண்டாவதுதான். முடிந்த உத்தரத்தை அதன் இரு பக்கத்து உத்தரங்களும் மேலே வார்த்த தளமும் பற்றிக்கொள்கின்றன. தன்னந்தனியாகத் தூண்மேல் வைத்த உத்தரமோ, குறுகிய விளிம்பில் நிறுத்திய பலகையைப் போன்றது. கீழ்நோக்கி எவ்வளவு பாரமும் தாங்கும். பக்கத்தில் சாயாமல் இருக்க அதற்கு ஒரு தற்காலிகப் பிடிப்பு வேண்டும்.

ஸ்வீடன் தேசத்தில் ஸாண்டோ என்னுமிடத்தில் 264 மீட்டர் அகலமுள்ள காங்கிரீட் வளைவுப் பாலம் ஒன்றைக் கட்டினார்கள். 1939 ஆகஸ்டு 31ஆம் தேதி, காங்கிரீட்டைத் தாங்கி நின்ற மரச் சாரம் சரிந்தது. 18 தொழிலாளர்கள் மாண்டார்கள். மறு நாள் ஹிட்லர் போலந்தின்மேல் படையெடுத்தான். உலகம் அந்தப் பதினெட்டுப் பேரை மறந்துவிட்டது. 1943இல் பாலம் முடிந்து, உலகத்திலேயே நீளமான காங்கிரீட் வளைவு என்று இருபது வருஷம் பெயர் பெற்று நின்றது. பாலத்தின் கணக்கில் குற்றமில்லை, சாரம்தான் நிற்கவில்லை.

அவ்வளவு தூரம் போவானேன்? 2025 ஜூன் 12ஆம் தேதி இரவு, பரங்கிமலை - பூவிருந்தவல்லி சாலையில் மணப்பாக்கத்தருகே, மெட்ரோ பாதைக்காகத் தூண்களின்மேல் ஏற்றி வைத்திருந்த இரண்டு காங்கிரீட் உத்தரங்கள் கீழே விழுந்தன. உத்தரத்தைப் பிடித்து நின்ற தற்காலிகத் தாங்கல் நழுவியதாக அப்போது அறிவிக்கப்பட்டது. மோட்டார் சைக்கிளில் அவ்வழியே சென்ற ஒருவர் உயிரிழந்தார். அவர் ஒரு விதியையும் மீறவில்லை. சாலை திறந்திருந்தது, போனார்.

மறு நாள் காலையில் பத்திரிகையை நான் வெகு நேரம் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஆற்காடு சாலைப் பையனின் ஞாபகம் வந்தது. அன்றிரவு நான் அடித்த ஐந்து ஹாரனுக்கும், என் பின்னால் நின்ற நூறு வண்டிகளின் ஹாரனுக்கும் பயந்து அவன் தட்டியைச் சற்று விலக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அநேகமாக ஒன்றும் ஆகியிருக்காது. அந்த 'அநேகமாக' என்ற சொல்லை நம்பித்தான் நாம் அவனை அவசரப்படுத்தினோம். அவன் என் வழியை மறிப்பதாக நினைத்தேன். அவனோ என் பெண்ணின் தலைக்கு மேலே உத்தரம் வராதபடி பார்த்துக்கொண்டிருந்தான். கழியும் சட்டமும் மட்டும் சாரமல்ல. அவன் கையிலிருந்த சிவப்புக் கொடியும் அந்தச் சாரத்தில் ஒரு கழிதான். அதை அசைத்துப் பார்க்கும் கூட்டத்தில் பௌதிக உபாத்தியாயனான நானும் இருந்தேன்.

பாலம் சீக்கிரம் வேண்டுமென்று கேட்பது நம் உரிமை. இலாகாக்களையும் கம்பெனிகளையும் கணக்குக் கேட்பதும் உரிமையே. தற்காலிகப் பிடிப்பைச் சோதித்தார்களா, தலைக்கு மேல் வேலை நடக்கும்போது கீழே சாலையை அடைத்தார்களா என்று அவர்களைக் கேட்கத்தான் வேண்டும். ஆனால், "ஏன் அடைத்தீர்கள்?" என்று இரவெல்லாம் ஹாரன் அடித்துவிட்டு, "ஏன் அடைக்கவில்லை?" என்று காலையில் கேட்பதற்கு நமக்கு வாய் வராது. எந்தப் பாலத்தையும் எப்படிக் கட்டுவது என்பதைக் கீழே இருப்பது தீர்மானிக்கிறது என்றாரே என் மாணவர். கீழே இருப்பவர்கள் நாம்.

என் பெண்ணின் கேள்விக்கு இப்போது என்னிடம் பதில் இருக்கிறது. காங்கிரீட் ஈரமாக இருந்தபோது அதைக் கழியும் வடமும் இரும்பும் பிடித்துக்கொண்டிருந்தன. அவற்றைப் பெயர் தெரியாத பல பேர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். கல்வெட்டில் அவர்கள் பெயர் இராது.

சென்ற மாசம் வேறொரு சாலையில், வேறொரு வேலைக்காக எங்கள் வண்டியை மறுபடியும் நிறுத்தினார்கள். நான் எஞ்சினை அணைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். எதிர் வீட்டுப் பெரியவர் வழக்கம்போல் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினார். என்ன சொல்லப்போகிறாரோ என்று எனக்குப் பயமாயிருந்தது.

"ஏன் தம்பி, மேலே அந்த முட்டெல்லாம் சரியாகக் கட்டியிருக்கிறார்களா? நன்றாகப் பார்த்துக்கொள்ளச் சொல்லு. நாங்கள் காத்திருக்கிறோம்" என்றார்.

பிழை கண்டுபிடிக்கும் குணத்துக்குக் கடைசியில் ஒரு நல்ல வேலை கிடைத்துவிட்டது.